மாமாவின் கோடித்துணி

ஏழாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கு என்ன எழுத வேண்டியிருந்தாலும் சுபாஜினிதான் எழுதுவாள். பிறப்புப் பதிவு விண்ணப்பம், சேமலாப நிதிக் கடிதம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் படிவம், தொலைந்த அடையாள அட்டைக்கு முறைப்பாடு எல்லாமே அவள் கையெழுத்தில்தான் மலையிறங்கும். முதலில் பென்சிலால் லேசாக எழுதுவாள். ஒருமுறை சரிபார்த்து, பேனாவால் அதன் மேல் ஓட்டி, மை காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழிப்பாள். கொடுத்தனுப்பிய பிறகும் மனம் ஆறாது. அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று பசறைக்குப் போகும் பேருந்தில் நின்றபடியே யோசித்துக்கொண்டு போவாள்.

இருபத்து மூன்று வயது. பகலில் பசறையில் ஸல்மா அக்காவின் போட்டோக் கொப்பிக் கடையில் வேலை. பின்னேரம் வாரத்தில் மூன்று நாள் சிங்கள வகுப்பு. நான்கு மாதமாகப் போகிறாள். எழுத்துகளைக் கூட்டி வாசிப்பாள். பேருந்துப் பலகையை வாசிப்பாள், கடைப் பெயரை வாசிப்பாள். பத்திரிகை இன்னும் பிடிபடவில்லை. ஆனால் லயத்தில் அவள் சிங்களம் படித்து முடித்துவிட்டாள் என்றே பேச்சு. அதை அவள் திருத்தவும் இல்லை.

அம்மா தனலெட்சுமி கொழுந்து எடுப்பவள். அப்பா போய் ஆறு வருடம். வீட்டுக்கு மூன்றாவது ஆள் என்றால் அது செவலை. பின்பக்கத்துக் கொட்டிலில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, இரண்டு ஈற்று ஈன்ற மாடு. விடியற்காலை நாலு மணிக்குத் தனலெட்சுமி சாம்பல் போட்டுத் தேய்த்த வாளியோடு கொட்டிலுக்குப் போவாள். பால் எடுக்க வரும் வண்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, ரொட்டியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டே பெரட்டுக்கு ஓடுவாள். வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்த இடத்துக்குப் பிந்திப் போனால் அரைநாள் பெயர்தான். முழங்கால் இரண்டும் போய்விட்டன. செவலை இந்த முறை கிடேரி போட்டால் அடுத்த வருடம் மலைக்குப் போவதை நிறுத்திவிடலாம் என்பது அவள் கணக்கு. மலைச்சரிவில் நின்று கூடையைத் தோளுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் நினைத்துக்கொள்வாள்.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த ஆள் வந்தான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அட்டை தொங்கியது, கையில் கோப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலில் ஏறினான். தேத்தண்ணியை முதலில் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, இரண்டாம் தடவை கேட்டபோது வாங்கிக்கொண்டான்.

"கால்நடைக் காப்புறுதிம்மா. மாடு செத்தாலோ தொலஞ்சாலோ நட்டஈடு. இது எத்தன மாசம் செனை?"

"ஏழு நடக்குது தம்பி."

"காப்புறுதி ஒண்ணும் இல்லையா?"

"எங்களுக்கே இல்ல, மாட்டுக்கா இருக்கும்?" என்றாள் தனலெட்சுமி. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பிராக்களில் குடியிருப்பவர்கள் சிரித்தார்கள்.

"எழுதத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நல்லது. என் எழுத்து கோழி கெளறின மாதிரி."

"அதுக்குத்தான் நம்ம சுபா இருக்கே!" மூன்றாம் காம்பிரா சுரேஸ் சத்தம் போட்டான். "தபால் கந்தோரையே எழுதிக் குடுக்கும்."

சுபாஜினி பென்சிலை எடுத்தாள். "நேரா பேனாவால எழுதுங்க தங்கச்சி, உங்க எழுத்துக்கு என்ன கொற" என்றான் அவன். அதுவரை அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பேனாவை எடுத்தாள்.

உரிமையாளர் பெயர், அடையாள அட்டை எண், மாட்டின் நிறம், காதில் தொங்கும் தகட்டு எண், தொலைபேசி எண்.

"ஒங்களுக்கு ஏதும் அவசரம்னா தகவல் சொல்ல இந்தத் தோட்டத்துல இல்லாத நெருங்கின சொந்தம் ஒண்ணு வேணும்மா."

"எங்கண்ணன் இருக்காரு, மடுல்சீமையில. இராசையா. மகன் பேரு விஜேந்திரன்." தனலெட்சுமி சற்று யோசித்தாள். "அவருக்கு நெஞ்சு வருத்தம் இருக்கு தம்பி. அதையும் எழுதணுமா?"

அவன் சிரித்தான். "அது மாட்டுக்கு இருந்தாத்தாம்மா எழுதணும்."

லயம் மறுபடியும் சிரித்தது. சுபாஜினியும் சிரித்தாள்.

அடியில் இன்னொரு தாள் இருந்தது. நெருக்கி அச்சடித்த சிங்களம். கீழே எண்களுக்கும் பெயருக்கும் மட்டும் இடம். "முதல் பக்கத்துல உள்ளதேதான், சிங்களத்துல. இலக்கத்தையும் பேரையும் போட்டு ஒப்பம் வச்சாப் போதும்."

அவள் தாளைக் கையில் எடுத்தாள். ஒரு வரியைக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அவன் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிவிடும். அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பிள்ள சிங்களமும் வாசிக்கும்" என்று யாரோ அந்த ஆளிடம் பெருமையாகச் சொல்வது காதில் விழுந்தது. சுபாஜினி கண்ணை மேலிருந்து கீழாக, வாசிக்கத் தெரிந்தவர்கள் ஓட்டும் வேகத்தில் ஓட்டினாள். ஒருமுறை நடுவில் நிறுத்தி, யோசிப்பது போலவும் இருந்தாள்.

"சரிதாம்மா. போடுங்க" என்றாள் சுபாஜினி, எண்களை நிரப்பிவிட்டு.

தனலெட்சுமி முன்பெல்லாம் கைநாட்டுத்தான். பெருவிரலில் மை பூசிக்கொண்டு நிற்பது கேவலம் என்று சுபாஜினிதான் மூன்று மாதம் உட்காரவைத்து ஒப்பம் பழக்கினாள். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு தாளிலும் அம்மா தன் பெயரை எழுதினாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குத் தொலைபேசி அடித்தது. தெரியாத எண்.

"சுபாஜினியா? நான் விஜேந்திரனோட வேல செய்யிறவன், மடுல்சீமையில. ஒங்க மாமா விடியக்காலையில தவறிட்டாரும்மா. நெஞ்சு வலி. பின்னேரம் நாலு மணிக்கு எடுக்குறாங்க. அம்மாகிட்டப் பதமாச் சொல்லுங்க."

அவள் விஜேந்திரனின் எண்ணுக்கு மூன்று தடவை எடுத்தாள். தொடர்பில் இல்லை என்றது. அது புதிதும் இல்லை. மடுல்சீமையில் மாமா இருக்கும் லயத்துக்கு லைன் கிடையாது. கோயில் மேட்டுக்கு ஏறி வந்தால்தான் பேச முடியும்.

"வேற யாருக்காச்சும் எடுத்துக் கேட்டுப் பாக்கவாம்மா?"

தனலெட்சுமியின் கூந்தல் ஏற்கெனவே அவிழ்ந்து கிடந்தது. "என்னன்னு கேப்ப? எங்க மாமா செத்தது நெசமான்னு கேப்பியா? சாவு சொன்னவன்கிட்டத் திருப்பிக் கேக்குற பழக்கம் நம்ம சனத்துல இருக்காடி? அந்த வீட்டு வாசல்ல அப்புறம் எப்படிப் போய் நிப்ப?"

அவள் சொன்னது சரிதான். மலையில் நிற்பவளிடம் சாவு சொன்னால் கூடையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு நடப்பாள். யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று எவரும் கேட்டதில்லை. சுபாஜினியின் அப்பா போனபோது மடுல்சீமை லயம் இரண்டு லொறியில் வந்து இறங்கியது. அதற்குப் பதில் செய்ய வேண்டிய நாள் இது. வீட்டுக்கொரு சுண்டு அரிசி, தேங்காய், வெங்காயம் என்று கால்மணி நேரத்தில் சாக்கு நிறைந்தது. மரக்கறி வியாபாரி வாஹித் நானா தன் லொறியைத் தட்டிக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். இருபத்தாறு பேர் ஏறினார்கள். சுரேஸின் மனைவி விஜயலெட்சுமி மட்டும் ஏறவில்லை. பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாள், தீட்டு.

"நீங்க போய்ட்டு வாங்க அத்தே. செவலைக்கு நான் தண்ணி காட்டுறேன்" என்றாள் அவள், பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு.

பசறையில் துணிக்கடைக்காரரைப் பின்கதவில் தட்டி எழுப்பி, அண்ணனுக்குக் கோடி எடுத்தார்கள். நாலு முழ வெள்ளை வேட்டி. தனலெட்சுமி அதை மடியில் வைத்து, மழைத்தூறல் படாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மடுல்சீமைப் பாதையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. குழிக்குக் குழி லொறி சாயும்போது, நின்றிருந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

கோயில் வளைவில் திரும்பியதும் ஒப்பாரியைத் தொடங்குவது வழக்கம். சாவு வீட்டுக்கு நாம் வருவது அங்கேயே கேட்கவேண்டும். தனலெட்சுமி எடுத்துக்கொடுத்தாள். "கூடையில வச்சுச் சுமந்த அண்ணே, என்னக் கூப்புடாமப் போனியே..." மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அழுதபடியே லொறியிலிருந்து இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு படிகளில் இறங்கினார்கள்.

லயத்துக்கு முன்னால் இருந்த போஞ்சிப் பாத்தியில் மம்பட்டியோடு நின்றவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். முகம் வாடிப்போயிருந்தது. ஒப்பாரி வரும் பக்கம் இரண்டு எட்டு வைத்தார்.

"யாரு தனமா? ஐயோ, யாரும்மா போனது?"

தனலெட்சுமியின் கை மாரிலேயே நின்றது.

"நீதாண்ணே" என்றாள்.

பின்னால் வந்த வாஹித் நானாதான் முதலில் பேசினார். "மவுத்தானவரே வந்து வாங்கன்னு கூப்புடுறாரு. நான் லொறியத் திருப்பவா, நிப்பாட்டவா?"

அதற்கப்புறம் சிரிப்பும் அழுகையும் எது எதுவென்று தெரியவில்லை. தனலெட்சுமி அண்ணனின் கையைப் பிடித்து, உள்ளங்கையின் காய்ப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொண்டுபோன அரிசியையே மாமாவின் மனைவி, அத்தை, உலையில் போட்டாள். சாவு வீட்டுச் சோறு விருந்துச் சோறானது. போஞ்சியைப் பறித்துக் கறி வைத்தார்கள்.

"நான் உசிரோட இருக்கையிலேயே நல்லா அழுதீங்க" என்றார் மாமா. "அந்த ரெண்டாவது வரிதான் எனக்குப் புடிச்சுது தனம். அன்னைக்கும் அதையே பாடு."

கோடிதான் தொந்தரவாகிவிட்டது. எடுத்த கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. "அத இங்க வைக்காத, உசிரோட இருக்குறவரு பேருக்கு எடுத்தது" என்று அத்தை பதறினாள். மாமாதான் வாங்கிக் கூரைச் சட்டத்தில் செருகினார். "கெடக்கட்டும். நாளைக்கு யாரும் கடைக்கு ஓட வேணாம்."

சுபாஜினி சாப்பிடவில்லை. விஜேந்திரனிடம், அப்படி ஒரு கூட்டாளி அவனுக்கு இல்லை என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அவளுடைய எண், மாமாவின் பெயர், மச்சானின் பெயர். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் எது? நெஞ்சு வருத்தம் என்று அம்மா யாரிடம் சொன்னாள்? அந்தத் தாள் அவள் கண்முன் வந்தது. ஒரு பிழைகூட இல்லாத தாள்.

கோயில் மேட்டுக்கு ஓடி ஏறி, விஜயலெட்சுமிக்கு எடுத்தாள்.

"மாடா? பதினோரு மணிக்கே ஏத்திட்டாங்களே சுபா. ஏன், ஒனக்குத் தெரியாதா?"

லொறி உடனே திரும்பியது. மேல் லயத்துக்கு வந்தபோது இருட்டிக்கொண்டிருந்தது. கொட்டிலில் கயிறுகூட இல்லை. விஜயலெட்சுமி வாசலில் நின்று அழுதாள்.

"மூணு பேர் வந்தாங்க அத்தே. ஒங்கண்ணன் சாவுக்குச் செலவு இருக்குன்னு மாட்ட வித்துட்டீங்கன்னாங்க. நான் நம்பல. ஒங்களுக்குப் போன் போட்டேன், லைன் இல்ல. கொஞ்சம் பொறுங்கன்னேன். அப்பத்தான் அந்தக் கடுதாசியக் காட்டுனாங்க." அவள் சுபாஜினியைப் பார்த்தாள். "ஓன் எழுத்து எனக்குத் தெரியாதா சுபா? எம் பிள்ளைக்குப் பொறப்புப் பத்திரம் நீதானே எழுதுன? ஓன் எழுத்தப் பாத்துத்தான் விட்டேன்."

"அது சும்மா ஏறுமா, பழகாத ஆளுககூட?" என்றாள் தனலெட்சுமி.

விஜயலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "ஏறலதான். அடிக்கப் போனாங்க. செனை மாட்ட அடிக்காதீங்கன்னு, நாந்தான் புண்ணாக்குக் காட்டி முன்னால நடந்தேன் அத்தே. எம் பின்னால வந்து ஏறிருச்சு."

அவர்கள் விட்டுப்போன பிரதி ஒன்றை அவள் எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது தாள்.

மறுநாள் பொலிஸில் அதை வாங்கிப் பார்த்த உத்தியோகத்தர் சத்தமாக வாசித்து, பிறகு தமிழில் சொன்னார். இந்தக் காதுத் தகடு போட்ட பசுவை என் முழு விருப்பத்தோடு விற்றேன், பணம் கைக்கு வந்தது, கொண்டுபோகச் சம்மதம். கீழே தனலெட்சுமியின் ஒப்பம். எண்கள் சுபாஜினியின் கையெழுத்தில்.

"வழியில மறிச்சாலும் இதக் காட்டியிருப்பாங்க. முறைப்பாடு எழுதுறோம்மா." அவர் கடுமையான ஆள் இல்லை. "ஆனா வாசிக்காமலா ஒப்பம் வச்சீங்க?"

தனலெட்சுமி உடனே சொன்னாள். "இல்ல ஐயா. எங்க பிள்ள வாசிச்சுத்தான் சொன்னிச்சு."

அம்மா அவளைக் காட்டிக்கொடுக்கச் சொன்னதல்ல அது. இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். எழுதியிருந்ததை அவர்கள் பிறகு மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தாள். அன்று பேருந்தில் சுபாஜினி உண்மையைச் சொன்னாள். எனக்கு அதை வாசிக்கத் தெரியாதும்மா. தனலெட்சுமி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழாங்கட்டை வரும்வரை திரும்பவில்லை. இறங்கிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா யாருடி உன்ன அடிச்சிருப்பா?"

லயம் மாறிப்போனது. பீலியடியில் தண்ணி பிடிக்கும்போது பேச்சு வேறாக ஓடியது. "படிச்ச பிள்ள எழுதுனதுல்ல" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். சுபாஜினி வந்தால் குடம் நிரம்பும் சத்தம் மட்டும் கேட்கும். பூட்டுகள் வாங்கினார்கள். சுரேஸ் ஒரு நாயைக் கொண்டுவந்து கட்டினான். தோட்டத்துக் குடும்ப நல உத்தியோகத்தர் குழந்தைக்கு எடை பார்க்க வந்தபோது, விஜயலெட்சுமி கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக அடையாள அட்டை கேட்டாள். இனி எந்தச் சாவென்றாலும் வீட்டுக்கு ஒருவர் நிற்பது என்றும், தகவல் சொன்னவரைத் திருப்பிக் கேட்டு உறுதிசெய்யாமல் லொறி ஏறுவதில்லை என்றும் முடிவாயிற்று. அப்படிக் கேட்கும் வேலையைச் சுபாஜினியிடமே விட்டார்கள். "நீதானே அன்னைக்குக் கேக்கணும்னு நின்ன" என்றான் சுரேஸ். அதில் குத்தல் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தனலெட்சுமி நாலு மணிக்கு இன்னும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு தடவை வாளியையும் எடுத்தாள்.

ஐந்து வாரம் கழித்து, விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, சுபாஜினி கடையில் நிற்கும்போது விஜேந்திரனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சுபா, அப்பா போயிட்டாரு. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தவரு அப்படியே..."

அவன் குரல்தான். ஆனால் மழைச் சத்தம். அடுத்தவர் குரல் மாதிரியே பேசுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று ஸல்மா அக்கா போன வாரம்தான் சொல்லியிருந்தாள். அம்மா போன சனிக்கிழமைதான் விஜயலெட்சுமியிடம் கடனாகக் கோழிக்குஞ்சு வாங்கி, புதிதாகக் கூடு கட்டியிருந்தாள். லயத்தில் முப்பது பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"மச்சான், கோவிக்காதீங்க. வீடியோவுல வாங்க. மாமாவ ஒருக்கா காட்டுங்க."

"நான் கோயில் மேட்டுல நிக்கிறேன் சுபா. இங்கதான் லைன் இருக்கு." அவன் மூச்சு வாங்கினான். "அப்பாவ இங்க தூக்கிட்டு வரவா?"

அவள் பதில் சொல்லுமுன் தொடர்பு அறுந்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு படம் வந்தது. அவன் வீட்டுக்கு இறங்கி, எடுத்துக்கொண்டு, திரும்ப மேட்டுக்கு ஏறியிருக்க வேண்டும். மாமாவின் முகம். தாடையோடு சேர்த்துக் கட்டிய துணி. மூக்கில் பஞ்சு. படத்துக்குக் கீழே அவன் எதுவும் எழுதவில்லை.

அவள் ஏழாங்கட்டைக்கு வந்து, மலையில் நின்ற அம்மாவிடம் படத்தைக் காட்டினாள். கூடையை இறக்காமலே தனலெட்சுமி பார்த்தாள். சுற்றி நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "போட்டோவெல்லாம் இப்ப எப்படியும் செய்யலாமாம்" என்றது ஒரு குரல். யாரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒருவர் நிற்பது என்று முன்பு முடிவானது, கடைசியில் லயத்துக்கே மூவர் மட்டும் போவது என்றானது. தனலெட்சுமி, சுபாஜினி, சுரேஸ். லொறி பிடிக்கவில்லை. பேருந்தில் போனார்கள். பசறையில் புதுக் கோடி எடுத்தார்கள்.

கோயில் வளைவில் இறங்கி நடந்தார்கள். சுபாஜினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒப்பாரி தொடங்க வேண்டிய இடம் அது. தனலெட்சுமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. படிகளை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாக இறங்கினாள். போஞ்சிப் பாத்தியில் யாரும் இல்லை. மம்பட்டி சுவரில் சாய்ந்திருந்தது. முற்றத்தில் நின்றவர்கள், சத்தமில்லாமல் வருகிற இந்த மூன்று பேரையும் யாரோ எவரோ என்று பார்த்தார்கள்.

வாசற்படியில் தனலெட்சுமி நின்றுவிட்டாள். மடியில் கோடியைப் பொத்தியபடி, உள்ளே போகாமல், கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தாள்.

அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். மாமாவின் மேல் ஏற்கெனவே வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. கூரைச் சட்டத்துப் புகைக்கரி, மடிப்பு ஓரத்தில் ஒரு கோடாகப் படிந்திருந்தது.

"அத மடியிலேயே வச்சுக்க தனம்" என்றாள் அத்தை. "நீ அன்னைக்குக் கொண்டாந்ததத்தான் போத்தியிருக்கோம். நீ வருவியோ மாட்டியோன்னு."